உணர்விழந்த பாதமும் காலணியின் அடித்தளமும்

நாளொன்றுக்கு ஐயாயிரம் அடிகள் நடக்கும் ஒருவரின் ஒவ்வொரு பாதமும் ஆண்டுக்கு ஒன்பது லட்சம் தடவைக்கு மேல் தரையில் பதிகிறது. ஒவ்வொரு தடவையும் உடலின் முழு எடையையும், சில கணங்களில் அதற்குச் சற்று மேற்பட்ட சுமையையும், அந்தப் பாதம் தாங்குகிறது. இவ்வளவு உழைப்பையும் பாதம் தாங்கிக்கொள்வதற்கு எலும்பும் தசையும் மட்டும் காரணமல்ல. வலி என்னும் உணர்வும் ஒரு முக்கிய காரணமாகும். ஓரிடத்தில் சுமை மிகும்போது வலி எச்சரிக்கிறது. நடப்பவர் தம்மை அறியாமலே நடையை மாற்றிக் கொள்கிறார். அவ்விடம் ஓய்வு பெறுகிறது. அந்தக் காவலன் மறைந்துவிட்டால் அவனுடைய வேலையைக் காலணியின் அடித்தளம் செய்தாக வேண்டும். அது எவ்வாறு செய்யும், எந்த அளவுக்குச் செய்யும், யார் செலவில் செய்யும் என்னும் கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

பிரச்னையின் அளவு

பாதத்தின் உணர்வு மங்குவதற்கு நம் நாட்டில் இரண்டு நோய்கள் பெருங் காரணங்களாக இருந்து வந்துள்ளன. ஒன்று தொழுநோய். மற்றொன்று நீரிழிவு. தொழுநோயைப் பொறுத்தவரை 1955ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1983ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த பல மருந்துக் கூட்டுச் சிகிச்சையும் பெரும் பயன் அளித்தன. 2005ஆம் ஆண்டு இறுதியில், தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நாடு எட்டியது. எனினும் நோய் குணமான பின்னும் இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை.

நீரிழிவின் போக்கு இதற்கு நேர் எதிரானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு, அதாவது 10 கோடியே 10 லட்சம் பேருக்கு, நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் பாதப்புண் ஏற்படக்கூடும் என்பது உலக மருத்துவ ஏடுகளில் ஏற்கப்பட்ட கணிப்பாகும். இவற்றுள் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், நம் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர் இந்த அபாயத்துக்கு உட்பட்டவர்கள் ஆகின்றனர். நீரிழிவினால் கால் அகற்றப்படும் நிகழ்ச்சிகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை ஆறாத ஒரு புண்ணில் தொடங்குகின்றன. அந்தப் புண்ணுக்கு முந்திய நிலை ஒரு காய்ப்பு. காய்ப்புக்கு முந்திய நிலை ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் விழுந்த அழுத்தம். ஆகவே கால் இழப்பைத் தடுக்கும் முயற்சி அறுவைக் கூடத்தில் அல்ல, செருப்புப் பட்டறையில் தொடங்க வேண்டியதாகும்.

பாதத்தின் அமைப்பும் நடையும்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவை தசைநார்களால் பிணைக்கப்பட்டு, உட்பக்கம் உயர்ந்த வளைவாக அமைந்துள்ளன. இந்த வளைவு இருவகை வேலைகளைச் செய்கிறது. குதிகால் தரையில் படும் நேரத்தில் அது தளர்ந்து, தரையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக் கொள்கிறது. குதிகால் மேலெழும்பி விரல்கள் மடங்கும் நேரத்தில், உள்ளங்காலின் நார்ப்பட்டை விரல்களால் இழுக்கப்பட்டு இறுகுகிறது. வளைவு உயர்ந்து, பாதம் ஒரு கெட்டியான நெம்புகோலாக மாறி உடலை முன்னே தள்ளுகிறது. கிணற்றுச் சகடையில் கயிறு சுற்றப்படுவதை ஒத்த இந்தச் செயலை ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் 1954ஆம் ஆண்டில் விளக்கினார். ஒரே உறுப்பு ஒரு கணம் மெத்தையாகவும் மறுகணம் நெம்புகோலாகவும் இருக்கிறது என்பதைக் காலணி வடிவமைப்போர் மறக்கலாகாது.

நடையில் ஒரு காலின் சுழற்சியை நூறு பங்காகக் கொண்டால், ஏறத்தாழ அறுபது பங்கு நேரம் அக்கால் தரையில் ஊன்றியிருக்கிறது; நாற்பது பங்கு நேரம் காற்றில் வீசப்படுகிறது. ஊன்றும் காலத்தில் சுமை குதிகாலில் தொடங்கி, பாதத்தின் வெளிவிளிம்பு வழியாக முன்பாதத்துக்குச் சென்று, பெருவிரலில் முடிகிறது. உணர்வு குன்றியவரின் நடையில் இந்த ஒழுங்கு குலைகிறது. சிறு தசைகள் வலுவிழப்பதால் விரல்கள் நகம்போல் வளைகின்றன. விரல்களின் அடியில் இருக்க வேண்டிய கொழுப்புத் திண்டு முன்னே நகர்ந்துவிடுகிறது. எலும்பு முனைகள் தோலுக்கு நேர் மேலே வந்து நிற்கின்றன. சுமையின் பெரும்பகுதி அந்தச் சிறு முனைகளில் விழுகிறது.

அழுத்தம்: ஓர் எளிய கணக்கு

சுமை வேறு, அழுத்தம் வேறு. சுமையை அது பரவும் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே அழுத்தம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்றும், அவருடைய பாதம் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொடுகிறது என்றும் கொள்வோம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ ஆகும். அதே சுமை, குதிகால் எழும்பிய நிலையில், முன்பாதத்தின் 20 சதுர சென்டிமீட்டரில் மட்டும் விழுந்தால் அழுத்தம் 3 கிலோவாக உயர்கிறது. சுமை மாறவில்லை, பரப்பு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது, அழுத்தம் ஐந்து மடங்காயிற்று. பாதத்தின் வடிவத்துக்கேற்ப வார்க்கப்பட்ட ஓர் உள்தட்டு அந்தப் பரப்பை 40 சதுர சென்டிமீட்டராக விரித்தால், அழுத்தம் 1.5 கிலோவாகக் குறைகிறது.

முன்பு புண் ஏற்பட்ட பாதத்துக்குச் செய்யப்படும் காலணியின் உள்ளே உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்கு, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோவுக்கு, மேற்படாமல் இருப்பது நல்லது என்று நீரிழிவுப் பாதம் பற்றிய சர்வதேச வழிகாட்டுக் குழு கூறுகிறது. அந்த அளவை எட்ட முடியாவிடில், பழைய காலணியில் இருந்த அழுத்தத்தில் 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆகவே நல்ல காலணி என்பது கைக்கு மெத்தென்று தோன்றுவதன்று; அளந்து பார்க்கும்போது அழுத்தத்தைக் குறைத்துக் காட்டுவதாகும்.

வேலூர் தந்த பாடம்

இத்துறையில் உலகுக்கு வழிகாட்டிய பணி தென்னிந்தியாவில் நடந்தது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். எலும்பு அறுவை நிபுணரான டாக்டர் பால் பிராண்டு 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்பது அந்நாளில் பரவலான நம்பிக்கை. அது தவறு என்பதைப் பிராண்டும் அவருடைய தோழர்களும் எடுத்துக் காட்டினர். நோய் உணர்வை அழிக்கிறது. உணர்வு இல்லாமையால் ஏற்படும் அன்றாடக் காயங்களே உறுப்பை அழிக்கின்றன. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பது, ஆணி குத்தியது தெரியாமல் நடப்பது, புண்பட்ட காலையே மீண்டும் ஊன்றுவது முதலியவையே உண்மையான காரணங்கள்.

இம்முடிவின் விளைவு பெரிது. அழுகல் விதியென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. காயமே காரணமென்றால் தடுக்க முடியும். தடுக்கும் கருவிகளில் முதலாவது செருப்பு. பல பொருள்கள் சோதிக்கப்பட்ட பின்னர், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பர் ஏற்றதெனத் தேர்ந்தது. நுண்ணறை ரப்பர் எனப்படும் இதனைப் பட்டறைகளில் ‘எம்.சி.ஆர்.’ என்றே வழங்குகின்றனர். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவுகோலில் 15 முதல் 20 வரையுள்ள மென்மையான தட்டு உட்புறத்திலும், முள்ளும் கண்ணாடியும் ஊடுருவாத கெட்டியான ரப்பர் வெளிப்புறத்திலும் அமைவது இச்செருப்பின் இலக்கணம். உள்ளே ஆணி அடிப்பது விலக்கப்பட்டது. உணர்வில்லாத பாதத்துக்குச் செருப்பின் ஆணியே பகைவன் ஆகிவிடும். ஒட்டுப் பசையும் தையலும் அதன் இடத்தைப் பெற்றன. குதிகாலுக்குப் பின்னே ஒரு பட்டையும் சேர்க்கப்பட்டது. பட்டையில்லாத செருப்பைக் கழன்றுவிடாமல் பிடிக்க விரல்கள் இடைவிடாது வளைய வேண்டியிருக்கிறது. உணர்வற்ற காலிலிருந்து அது நழுவி விழுந்தாலும் தெரிவதில்லை. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணி தொடர்ந்தது.

1966ஆம் ஆண்டு பிராண்டு அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். ஒரே ஒரு பெரிய அடியைவிட, மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான தடவை அதே இடத்தில் விழுவதே திசுவைப் புண்ணாக்குகிறது என்பதை அங்கு நடந்த ஆய்வுகள் மேலும் உறுதிப்படுத்தின. தொழுநோயாளருக்காகக் கண்டறிந்த முறைகள் நீரிழிவு நோயாளருக்கும் பயன்படலாயின. புண் ஆறுவதற்குப் பாதம் முழுவதையும் ஒட்டியவாறு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடும் முறையும் இதே வழியில் பரவியதாகும். 1930களில் இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் கையாண்ட இம்முறை, இந்தியா வழியாக அமெரிக்காவை அடைந்து, இன்று உலகெங்கும் நீரிழிவுப் புண்ணுக்குச் சிறந்த சிகிச்சைகளில் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது.

நீரிழிவு நோயாளரிடம் இச்செருப்பின் பயன் சென்னையில் அளந்தறியப்பட்டது. முன்பு பாதப்புண் ஏற்பட்டிருந்த 241 நீரிழிவு நோயாளரை ஒன்பது மாத காலம் கவனித்து வெளியிடப்பட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், நுண்ணறை ரப்பர், பாலியூரித்தேன் நுரை, வார்க்கப்பட்ட உள்தட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்ட காலணியை அணிந்தவர்களில் 4 சதவீதத்தினருக்கும், தங்கள் பழைய காலணியையே அணிந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் புதிய புண்கள் ஏற்பட்டன. மூன்று பொருள்களுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டைவிட, ஏற்ற காலணிக்கும் ஏலாத காலணிக்கும் இடையில் இருந்த வேறுபாடே பெரிது என்பது இதிலிருந்து பெறப்படும் படிப்பினை.

மெத்தென்மையும் நிலைத்தன்மையும்

அப்படியாயின் அடித்தளத்தை இன்னும் மென்மையாகவும் இன்னும் தடிப்பாகவும் செய்துவிட்டால் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, மிக மென்மையான நுரை சுமையின் கீழ் முழுவதும் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய பின் அது அட்டைக்குச் சமம். பருமனான ஒருவருக்கும் மெலிந்த ஒருவருக்கும் ஒரே நுரை பொருந்தாது. மேலும், காற்றறைகள் நாளடைவில் நிரந்தரமாகத் தட்டையாகி விடுவதால், பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் செருப்பும் மெத்தென்மையை இழந்திருக்கக் கூடும்.

இரண்டாவது, மென்மை மிகுந்தால் நிலைத்தன்மை குறைகிறது. வைக்கோற் போரின் மேல் நடப்பவர் தள்ளாடுவதைப் போல, தடித்த நுரையின் மேல் கணுக்கால் பக்கவாட்டில் சாய்கிறது. உணர்வுள்ளவர் அச்சாய்வை உடனே அறிந்து திருத்திக் கொள்வார். உணர்விழந்தவருக்குத் தம் பாதம் சாய்ந்திருப்பதே தெரியாது. முதியவர்களிடையே இது விழுதலாக முடிகிறது. அகன்ற அடி, குதிகாலைச் சூழ்ந்து பிடிக்கும் கெட்டியான பின்புறம், தாழ்ந்த குதி ஆகியவை நிலைத்தன்மையைத் தருகின்றன.

மூன்றாவது, முன்பாதத்தின் சுமை மென்மையினால் மட்டும் தீர்வதன்று. அசைவை மாற்றுவதனாலும் தீர வேண்டும். அடித்தளத்தை மடங்காத கெட்டித் தட்டாகச் செய்து, அதன் முன்பகுதியைப் படகின் அடிபோல் மேல்நோக்கி வளைத்தால், விரல்மூட்டுகள் மடங்காமலே கால் முன்னோக்கி உருள்கிறது. எலும்பு முனைகளின் மேல் விழும் அழுத்தம் குறைகிறது. ஆனால் இங்கும் விலை உண்டு: அளவுக்கு மீறி உருளும் அடி, நிற்பவரை நிலைகுலையச் செய்யும்.

ஆகவே காலணியின் அடித்தளம் ஒரு சமரசம் ஆகும். தாங்க வேண்டிய இடத்தில் கெட்டியாகவும், விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் மென்மையாகவும் அது இருத்தல் வேண்டும். ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் நடையின் ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகிறது. இந்த இடத்தில்தான் பெங்களூரின் ஆய்வு நம் கவனத்துக்கு வருகிறது.

பெங்களூரின் புதிய வடிவம்

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயந்திரவியல் துறையில் பேராசிரியர் ஜி.கே. அனந்தசுரேஷின் குழுவினர், கர்நாடக அரசின் உட்சுரப்பியல் மற்றும் ஆராய்ச்சி நிலையத்துடன் இணைந்து, உணர்வு குன்றிய பாதத்துக்கான ஒருவகைச் செருப்பை உருவாக்கினர். 2022ஆம் ஆண்டில் இது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. மூட்டும் கீலும் இல்லாமல் பொருளின் நெகிழ்வினாலேயே இயங்கும் கருவிகளை அமைப்பது இக்குழுவினரின் நெடுநாளைய துறையாகும்.

இதன் தத்துவம் எளிது. தகரமூடி ஒன்றின் மேடான நடுப்பகுதியை விரலால் அழுத்தினால், சிறிது நேரம் அது எதிர்த்து நிற்கிறது. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியவுடன் ‘டக்’ என்று உட்குழிகிறது. விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு மீள்கிறது. இச்செருப்பின் அடித்தளத்தில் இத்தகைய வளைவுகள் நீளவாக்கில் பல அமைக்கப்பட்டுள்ளன. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் அவை கெட்டியாக நின்று பாதத்தைத் தாங்குகின்றன, நிலைத்தன்மை கெடுவதில்லை. ஓரிடத்தில் சுமை எல்லையை மீறும்போது அவ்விடத்து வளைவு தலைகீழாக மடிந்து இறங்குகிறது. சுமை அண்டைப் பகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. கால் எழும்பியதும் வளைவு தானே மீள்கிறது. நுரையானது சிறு சுமைக்குச் சிறிதும் பெருஞ் சுமைக்குப் பெரிதுமாக அமுங்குவது. இந்த வளைவோ எல்லை வரை உறுதி, எல்லைக்கு மேல் விலகல் என்று நடந்துகொள்கிறது. இழந்த வலி செய்துவந்த வேலைக்கு இது மிக அருகில் வருகிறது.

வளைவு எந்தச் சுமையில் மடிய வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அணிபவரின் எடை, பாத அளவு, நடை வேகம், அழுத்தம் பரவியுள்ள விதம் ஆகியவற்றைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. பின்னர் முப்பரிமாண அச்சு முறையில் செருப்பு தயாரிக்கப்படுகிறது. உணர்கருவிகளும் மின்கலமும் இதில் இல்லை. ஆகவே அவற்றின் விலையும் பழுதும் இல்லை. இதனை வணிக உற்பத்திக்குக் கொண்டுவர ஃபுட் செக்யூர், யோஸ்ட்ரா லேப்ஸ் என்னும் இரு தொழில் முனைவு நிறுவனங்கள் ஆய்வாளருடன் கைகோத்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது.

இத்தகைய கண்டுபிடிப்புகளை மதிப்பிடும்போது அதிகாரிகள் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய ஒன்பது லட்சம் அடிகளை, அதாவது ஒன்பது லட்சம் மடிதல்களை, சேறும் மணலும் வெயிலும் நிறைந்த தெருவில் அந்த வளைவு தாங்குமா என்பது ஒன்று. அளவீட்டு மேடையில் அழுத்தம் குறைந்ததைப் போலவே, ஓராண்டு அணிந்தவர்களிடம் புண்களும் குறைந்தனவா என்பது மற்றொன்று. எந்த நாட்டின் எந்தக் காலணிக்கும் இவையே முடிவான சோதனைகள்.

எல்லோருக்கும் ஒரே காலணியா?

பத்துக் கோடிப் பேருக்கும் தனித்தனியே அளவெடுத்துச் செருப்புச் செய்வது இயலாது; தேவையும் இல்லை. தேவையை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம்.

உணர்வும் இரத்த ஓட்டமும் குறையாத நீரிழிவு நோயாளருக்கு, அளவு பொருந்திய நல்ல சாதாரணக் காலணி போதும். உணர்வு குன்றியும் பாத வடிவம் மாறாதவருக்கு, நுண்ணறை ரப்பர் அல்லது அதற்கிணையான நுரை கொண்ட, பின்பட்டையுடன் கூடிய செருப்பு வேண்டும். விரல் வளைந்தவர், பாதம் உருமாறியவர், முன்பு புண் கண்டவர், ஒரு பகுதி அகற்றப்பட்டவர் ஆகியோருக்கே தனியே வார்த்த அடித்தளம் இன்றியமையாதது. திறந்த புண் உள்ளவருக்குச் செருப்பு மருந்தாகாது. அவர் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இப்பிரிவினையைச் செய்யப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் அழுத்தி, நோயாளி கண்ணை மூடியபடியே அதை உணர்கிறாரா என்று கேட்டால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. 2010ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தொற்றா நோய்த் தடுப்புத் தேசியத் திட்டத்தில் இரத்தச் சர்க்கரையை அளக்கும் பழக்கம் ஊன்றியிருக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் அதே அளவுக்கு ஊன்ற வேண்டும்.

அளவு பொருத்தம் என்பதும் எளிதில் கிடைப்பதன்று. நம் நாட்டில் விற்கப்படும் காலணிகளின் அளவுகள் ஆங்கிலேயர் காலத்து முறையில் வந்தவை. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் முன்முயற்சியில் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்கள் முப்பரிமாண முறையில் அளக்கப்பட்டன. இந்தியரின் பாதம் பொதுவாக அகலமானது என்பதும், குறுகிய காலணிக்குள் நுழைவதற்காகப் பலர் தேவைக்கு மேல் நீளமான காலணியை வாங்குகின்றனர் என்பதும் தெரியவந்தன. இதன் பயனாக ‘பா’ என்னும் இந்திய அளவுமுறை முன்மொழியப்பட்டது. உணர்வுள்ளவருக்கு இறுக்கமான செருப்பு ஓர் அசௌகரியம். உணர்விழந்தவருக்கு அதுவே புண்ணின் தொடக்கம்.

செலவுக் கணக்கு

பொருளாதார நோக்கில் இரு உற்பத்தி முறைகளையும் ஒப்பிடுவது பயனுள்ளது. அச்சு வார்ப்பில் செய்யும் அடித்தளத்துக்கு முதலில் உலோக அச்சுச் செய்யப் பெருஞ் செலவாகிறது. பின்னர் ஒவ்வொரு ஜோடிக்கும் ஆகும் செலவு சொற்பம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அச்சின் செலவு திரும்பும். முப்பரிமாண அச்சு முறையில் உலோக அச்சு வேண்டுவதில்லை. ஆனால் முதல் ஜோடிக்கும் நூறாவது ஜோடிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. எனவே பலருக்குப் பொதுவான இரண்டாம் படிக்கு முந்திய முறையும், ஒவ்வொருவரும் வேறுபடும் மூன்றாம் படிக்குப் பிந்திய முறையும் பொருத்தமாகும். பொதுவான அகன்ற செருப்பில் தனியே செய்த உள்தட்டைப் பொருத்துவது இவற்றுக்கிடையே ஒரு நடுவழி.

நன்மையின் பக்கத்தைக் கணக்கிடும்போது மருத்துவமனைச் செலவை மட்டும் சேர்ப்பது தவறு. கட்டடத் தொழிலாளி, தெரு வணிகர், விவசாயக் கூலி ஆகியோருக்குப் பாதமே மூலதனம். புண் ஆறும் வரை இழக்கும் கூலியும், உடனிருந்து கவனிப்பவரின் கூலியும், கால் போனபின் எஞ்சிய உழைக்கும் ஆண்டுகளின் வருமானமும் கணக்கில் சேர வேண்டும். அவ்வாறு சேர்த்தால், ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய ஒரு ஜோடிச் செருப்பு செலவினம் அல்ல, முதலீடு என்பது தெளிவாகும். தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் நுண்ணறை ரப்பர்ச் செருப்புகள் இலவசமாக வழங்கப்பட்டு வருவது இக்கொள்கையை ஏற்றதன் அடையாளமே. அதே அபாயத்திலுள்ள ஏழை நீரிழிவு நோயாளருக்கு அது ஏன் விரியலாகாது என்பது ஆராயத்தக்கது.

அணியாத காலணி

மிகச் சிறந்த அடித்தளமும் வாசலில் கிடந்தால் பயனில்லை. வீட்டுக்குள்ளும் வழிபாட்டிடங்களிலும் வெறுங்காலுடன் நடப்பது நம் மரபு. ஆனால் ஒருவர், சிறப்பாக இல்லத்தரசியும் முதியவரும், ஒரு நாளில் நடக்கும் அடிகளில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் நிகழ்கிறது. வீட்டினுள் மட்டும் அணிவதற்கென ஒரு தூய ஜோடியைத் தனியே வைத்துக்கொள்வதால் மரபும் கெடுவதில்லை, பாதமும் காக்கப்படுகிறது.

இன்னொரு தடை மனத்தைச் சார்ந்தது. முற்காலத்து நுண்ணறை ரப்பர்ச் செருப்பு அதன் தோற்றத்தாலேயே அணிபவரைத் தொழுநோயாளர் என்று ஊருக்கு அறிவித்தது. அவமானத்துக்கு அஞ்சிப் பலர் அதை ஒதுக்கினர். கடைத்தெருவில் எல்லோரும் அணியும் செருப்பைப் போன்ற தோற்றம் தருவது ஆடம்பரமல்ல. அதுவும் வடிவமைப்பின் ஒரு பகுதியே. நிலைத்தன்மை, மெத்தென்மை ஆகிய இரண்டோடு மதிப்பு என்னும் மூன்றாவது தேவையையும் சேர்க்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

பெங்களூரில் பொறியியல் அறிவும், சென்னையில் தோல் ஆராய்ச்சியும், வேலூரில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட மருத்துவ அனுபவமும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் கைதேர்ந்த தொழிலாளரும் உள்ளனர். சில மணி நேரப் பயணத்துக்குள் இத்தனையும் அமைந்த வட்டாரங்கள் உலகில் சிலவே. இவை தனித்தனியே இயங்குவதுதான் குறை. சுகாதார நிலையத்தில் பாதச் சோதனை. மாவட்ட மருத்துவமனையில் அழுத்த அளவீடு. அருகிலேயே பயிற்சி பெற்ற செருப்புத் தொழிலாளியின் பட்டறை. பொருளின் மென்மைக்கும் உழைப்புக்கும் ஒரு தரக்கட்டுப்பாடு. தேய்ந்ததை மாற்றித்தர ஓர் ஏற்பாடு என இவ்வைந்தும் ஒரே சங்கிலியாக இணைய வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்ற நான்கின் செலவும் வீணாகும்.

இச்சங்கிலியில் செருப்புத் தொழிலாளியின் இடம் சிறப்பானது. தலைமுறைகளாகச் சமூகத்தின் கடைசிப் படியில் வைக்கப்பட்ட அவருடைய கைத்திறன், இங்கு மருத்துவரின் திறனுக்கு இணையான பொறுப்பை ஏற்கிறது. பாதத்தின் அச்செடுத்தல், உள்தட்டைச் செதுக்குதல், அழுத்தம் விழும் இடத்தைக் குறைத்தல் ஆகியவற்றில் பயிற்சியும், அதற்குரிய ஊதியமும், மருத்துவமனைப் பணியாளர் என்ற தகுதியும் அவருக்குக் கிடைக்குமானால், ஒரு நோயின் கேடும் ஒரு சமூகக் கேடும் ஒருங்கே குறையும்.

வலியை உணரும் பாதம் தன் குறையைத் தானே முறையிட்டுக் கொள்கிறது. உணர்விழந்த பாதத்துக்கு அந்த வாய் இல்லை. நாள்தோறும் மாலையில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கும் நோயாளியும், செருப்பைக் கழற்றச் சொல்லும் சுகாதார ஊழியரும், அடித்தளத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் கணக்கிடும் பொறியாளரும், அதனைச் செதுக்கும் தொழிலாளியும் சேர்ந்துதான் அந்த முறையீட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும்.